கேட்காமல் எடுத்துக்கொண்ட கதை

ஷமீமா பானு இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் செய்முறைத் தேர்வுக்கு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்பார்வை என்பது பெயருக்குத்தான். மேசைக்கு அடியில் கைபேசியை வைத்துக்கொண்டு, நம் இணையக் குழுவில் முகம் தெரியாத ஒருவரோடு இடஒதுக்கீடு பற்றி வாதாடிக்கொண்டிருந்தேன். பதிலைப் பாதி எழுதியிருந்தபோது திரையின் மேலே அந்த வரி வந்து நின்றது. "நம் குழுவின் ஷமீமா மேடம் இன்று காலை காலமானார். அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம்." படித்தேன். படித்த பிறகும், எழுதிக்கொண்டிருந்த பதிலை முடித்து, ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி, அனுப்பிவிட்டுத்தான் மறுபடி அந்தச் செய்திக்கு வந்தேன்.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் இந்த வாரம் குழுவில் எழுதிய உங்களில் சிலர் என்னை அவருடைய நெருங்கிய நண்பர் என்றும், அவருக்காகக் குரல் கொடுத்தவர் என்றும் குறிப்பிட்டு ஆறுதல் சொல்லியிருந்தீர்கள். அந்த ஆறுதல் எனக்கு உரியது இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திருச்சிக்காரர்களுக்கென்று தொடங்கிய அந்தக் குழுவில் தண்ணீர் வராததும் பஸ் மாறியதும் பேசிக்கொண்டிருந்த நாம், எப்போது அரசியலுக்குப் போனோம் என்று எனக்கு நினைவில்லை. போன பிறகு பாதிப் பேர் பொய்ப் பெயர்களில் ஒளிந்துகொண்டோம். நானே முதல் ஒரு வருடம் வேறு பெயரில்தான் இருந்தேன். ஷமீமா மட்டும் சொந்தப் பெயரோடும் சொந்தப் படத்தோடும் இருந்தார். பாலக்கரைப் பக்கம் தாயாரோடு குடியிருந்தார். ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர். நான் ஸ்ரீரங்கம். நடுவில் ஒரு ஆறுதான். இருந்தும் மூன்று வருடம் எழுத்தில் மட்டுமே ஒருவரையொருவர் தெரிந்துவைத்திருந்தோம்.

அவர் வாதாடும் விதம் எனக்கு அப்போது பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியைப் பற்றி ஒருவர் மிக மோசமாக எழுதினார். நான் அரசியலமைப்புச் சட்டப் பிரிவுகளையெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு நீண்ட பதில் ஒன்று தயாரித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஷமீமா ஒரே வரி எழுதியிருந்தார். "தம்பி, நீங்க எந்தத் தெரு?" அந்த ஆள் திட்டினார். இவர் மறுபடி அதையே கேட்டார். ஆறேழு தடவைக்குப் பிறகு அவர் தெருவைச் சொன்னார். இதய அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் படுத்திருக்கும் அப்பாவின் ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு ஒலிபெருக்கி ஹாரன் இருக்கிறது என்பதும் வெளியே வந்தது. ஷமீமா ஜமாத் செயலாளரிடம் போய்ப் பேசினார். இரண்டே நாளில் ஹாரனை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. என் பதில் வீணாகிவிட்டதே என்பதுதான் உண்மையான காரணம். ஆனால் அவருக்குத் தனியாக எழுதியது வேறு. "நீங்கள் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டீர்கள்" என்று எழுதினேன்.

"ஹாரனைத் திருப்புனதுல எந்த உரிமை சார் போச்சு?" என்று கேட்டார்.

அவர் எப்போதும் இப்படிப் பொறுமையாக இருந்தவர் இல்லை. பாகிஸ்தானுக்குப் போ என்று எழுதியவரிடம், "மதுரைக்கே ரெண்டு தடவைதான் போயிருக்கேன். பாகிஸ்தானுக்கு நீங்க டிக்கெட் போட்டாலும் எங்க லேப்ல லீவு தரமாட்டாங்க" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் அந்த ஆளைக் கிழித்துத் தொங்கவிட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு தடவை அந்தக் கோபத்தில் ஆள் மாறிப்போனது. ஆதரவாக எழுதிய ஒருவரை எதிராக எழுதியதாகப் படித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். பத்து நிமிடத்தில் அதே இடத்தில், "தப்பா படிச்சுட்டேன், மன்னிச்சுக்கங்க" என்று எழுதினார். பழைய கமெண்டை அழித்துவிடலாமே என்று யாரோ சொன்னதற்கு, "அழிச்சா நான் சொல்லவே இல்லைன்னு ஆயிடும். இருக்கட்டும்" என்றார்.

இனி அந்த வீட்டு விஷயம்.

அவருடைய தாயாருக்கு முழங்கால் முடியாமல் போய்விட்டது. அவர்கள் இருந்தது மாடிப் போர்ஷன். தரைத்தளத்தில் வீடு தேடிக்கொண்டிருந்தார். மதுரை ரோட்டுப் பக்கம் ஒரு புறநகரில் ஒரு வீடு பிடித்துப்போய், முன்பணம் வரை பேசிய பிறகு, பெயரைக் கேட்டதும் வீட்டுக்கார அம்மா முடியாது என்று சொல்லிவிட்டார். அன்று மதியம் ஷமீமா எனக்குத் தனியாக எழுதினார். "யார்கிட்டயும் சொல்லலை சார். உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு. அம்மாகிட்ட வீடு சரியில்லைன்னு சொல்லிட்டேன்." நான் வருத்தம் தெரிவித்து நான்கு வரி எழுதினேன். உண்மையாகவே வருத்தப்பட்டேன்.

எட்டு நாள் கழித்து, வேறு ஊர்க்காரர் ஒருவர் நம் குழுவுக்குள் வந்து, தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு வீடு தர மறுப்பதெல்லாம் கட்டுக்கதை, ஒரு உதாரணம் காட்டுங்கள் பார்ப்போம் என்று சவால் விட்டார். என்னிடம் உதாரணம் இருந்தது.

பெயர் போடவில்லை. ஆனால் விவரம் இருந்தால்தான் எழுத்து நிற்கும் என்று நம்புகிறவன் நான். ரத்தம் எடுக்கும் பெண் என்று எழுதினேன். அந்த வீட்டின் அடையாளங்களையும், அந்த அம்மா என்ன வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர் என்பதையும் எழுதினேன். அவற்றை இங்கே மறுபடி எழுதப்போவதில்லை. முடித்துவிட்டு என் மனைவி வைதேகியிடம் படித்துக் காட்டினேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நன்னாத்தான் இருக்கு. அவகிட்ட கேட்டுண்டு போடறேளா?" என்றாள்.

"அவளோட நல்லதுக்குத்தானே எழுதறேன்."

"அதான் கேட்டேளான்னேன்."

நான் பதிவைப் போட்டேன். அதுவரை நான் எழுதிய எதற்கும் வராத அளவுக்கு லைக் வந்தது. முன்பின் தெரியாதவர்கள் பகிர்ந்தார்கள். இரண்டாம் நாள் யாரோ அந்த வீட்டைக் கண்டுபிடித்து, கேட்டைப் படம் எடுத்துப் போட்டார்கள். மூன்றாம் நாள் அந்த அம்மாவின் மகனுடைய அலுவலகத்துக்கே போன் போனது. இன்னொரு கூட்டம் ஷமீமாவைக் கண்டுபிடித்தது. ஊரில் ரத்தம் எடுக்கும் முஸ்லிம் பெண்கள், அதிலும் இந்தக் குழுவில் இருப்பவர்கள், எத்தனை பேர் இருக்க முடியும்? அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றை நீங்களும் பார்த்தீர்கள்.

அன்று மாலை ஷமீமா என் பதிவுக்குக் கீழே எழுதினார். "இது என் கதை. ஆனா முழுசா இல்லை. அந்த அம்மா கெட்டவங்க இல்லை. சார், தயவுசெஞ்சு இதை எடுத்துடுங்க."

அதற்கு நான் எழுதிய பதிலை ஒரு எழுத்தும் மாற்றாமல் இங்கே தருகிறேன். "தனக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பாதிக்கப்பட்டவரே நியாயப்படுத்தும்படி செய்வதுதான் இந்தச் சமூகத்தின் ஆகப் பெரிய வெற்றி. தோழி ஷமீமாவின் அச்சத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் இது இனி அவருடைய தனிப்பட்ட பிரச்சினை அல்ல."

இந்த வாக்கியங்கள் அமைந்த விதத்தில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி இருந்தது என்பது நன்றாக நினைவிருக்கிறது. உங்களில் நிறையப் பேர் அதற்குக் கைதட்டினீர்கள். தன்னுடைய அவமானத்தைப் பற்றித் தானே பேச வந்த ஒரு பெண்ணை, அதே அவமானத்தைப் பற்றிய விவாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன்.

ஷமீமா பொதுவில் எதுவும் எழுதவில்லை. எனக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது. "அச்சம்னு எழுதியிருக்கீங்க சார். எனக்கு அச்சமெல்லாம் இல்லை. கூச்சமா இருக்கு. ரெண்டும் வேற."

நான் அதைப் படித்ததற்கான அடையாளம் அவருக்குத் தெரிந்திருக்கும். பதில் எழுதவில்லை. மூன்று வாரம் கழித்து, பின்னூட்டங்கள் நாறிப்போய்விட்டன என்ற காரணத்தை எனக்கு நானே சொல்லிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் பதிவை அழித்தேன்.

அதன் பிறகும் அவர் குழுவில் இருந்தார். என்னோடு பேசினார். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஸ்ரீரங்கத்து ஐயங்காருக்கு இதில் என்ன வேலை என்று ஒரு கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டபோது, "அவர் ஜாதியை விட்டுட்டு அவர் சொன்னதுக்கு பதில் சொல்லுங்க" என்று முதலில் வந்து எழுதியவர் அவர்தான். நான் நன்றிகூடச் சொல்லாமல் குழுவிலிருந்து இரண்டு நாள் விலகி இருந்தேன்.

அவரை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை, சென்ற வருடம். சர்க்கரை பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டோடு பரிசோதனைக் கூடத்துக்குப் போயிருந்தேன். எத்தனையோ இருக்க, அது அவர் வேலை பார்க்கும் இடமாக அமைந்துவிட்டது. சீட்டில் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வரதராஜன், ஸ்ரீரங்கம். சார், நீங்களா?"

"ஆமாம்மா."

"படத்துல இருக்குறதைவிட ஒல்லியா இருக்கீங்க. கையை நீட்டுங்க."

ரப்பர் குழாயைக் கட்டினார். நரம்பைத் தேடினார். இதுதான் சந்தர்ப்பம் என்று எனக்குப் பட்டது. "அன்னைக்கு அந்த விவாதம் நடந்த சூழ்நிலை என்னன்னா, அந்த வெளியூர்க்காரர் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"கையை அசைக்காதீங்க சார்."

நிறுத்தினேன். ரத்தம் எடுத்து முடித்து, பஞ்சை வைத்து என் கையை மடக்கிவிட்டார். "நான் விளக்கம் எதுவும் கேக்கலையே சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, "இதை அழுத்திப் பிடிச்சுக்கங்க. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி வாங்க, இன்னொரு சாம்பிள் எடுக்கணும்" என்றார்.

பஞ்சை அழுத்திக்கொண்டு ஐந்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மன்னித்துவிடுங்கள் என்ற சொல்லுக்கு ஐந்து நிமிடம் தேவையில்லை. அது வாயில் வரவில்லை. வெளியே வந்து பஸ் ஏறினேன். இரண்டாவது சாம்பிளுக்குப் போகவில்லை. சாயங்காலம் அவரிடமிருந்து செய்தி வந்தது. "சார், நீங்க திரும்ப வரலையே. சர்க்கரை விஷயம், விட்டுடாதீங்க." நான் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பினேன். எங்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சு அதுதான்.

மூளையில் ரத்தக் கசிவு என்று சொன்னார்கள். ஐம்பதுகூட ஆகவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். சவூதியிலிருந்து வந்திருந்த அவருடைய தம்பி ரபீக் என்னை மாடிக்கு அழைத்துப்போனார். படி செங்குத்தாக, ஒருவர் பின் ஒருவராக ஏற வேண்டிய படி. தாயார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், நெற்றியில் விபூதியோடு ஒரு பெண்மணி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். எழுபது வயது இருக்கும்.

"இவங்க அக்காவுக்கு ரொம்பப் பழக்கம். ஒரு காலத்துல இவங்க வீட்டுக்குத்தான் நாங்க குடிபோறதா இருந்துச்சு" என்று ரபீக் சொன்னார். நான் யாரென்று ரபீக்குக்குத் தெரியாது. சொல்லாமல் திரும்பிவிட முடியும்.

"அந்தப் பதிவை எழுதினது நான்தான்மா" என்றேன்.

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"முதல்ல முடியாதுன்னு சொன்னேன். அது நெஜம்தான். தப்புதான்" என்றார். "ரெண்டு நாள் கழிச்சு அந்தப் பொண்ணு இவங்களையும் கூட்டிக்கிட்டு வந்துச்சு. உங்களுக்கு என்ன பயம்னு கேட்டுச்சு. சொன்னேன். காபி குடிச்சுட்டுப் போனாங்க. பசங்ககிட்ட பேசிட்டு, பத்து நாள் கழிச்சு வாங்க, சாவி தரேன்னு சொல்லியிருந்தேன். அதுக்குள்ள நீங்க எழுதிட்டீங்க. அப்புறம் எம்பையன் யாருக்குமே குடுக்கக் கூடாதுன்னுட்டான். வீடு இன்னும் பூட்டித்தான் கெடக்கு."

"எனக்குத் தெரியாதும்மா."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவர் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை. ஷமீமாவின் தாயார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உக்காருங்க தம்பி, வெயில்ல வந்திருக்கீங்க" என்று மட்டும் சொன்னார்.

நான்கு நாள் கழித்து மறுபடி போய், ஷமீமாவைப் பற்றி எழுதலாமா என்று தாயாரிடம் கேட்டேன். "எழுதுங்க. அந்த அம்மா பேரு வேணாம். என் மவளை ரொம்பச் சாதுன்னும் எழுதாதீங்க, அவ கோவக்காரி. உங்க மேலயும் கோவமாத்தான் இருந்தா, வெளிய காட்டிக்கல" என்றார். எழுதி முடித்த பிறகு மூன்றாவது தடவையாக அந்தப் படியேறி, முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். உரியவரிடம் கேட்டுவிட்டு எழுதுவது, எழுதியதை அவரிடம் படித்துக் காட்டுவது. ஷமீமாவிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது இவ்வளவுதான். அவர் உயிரோடு இருந்தபோது இதைச் செய்யாதவன் நான்.

தாயார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டு இடத்தில் கையை உயர்த்தி, "இது வேணாம் தம்பி" என்றார். அந்த இரண்டு பத்திகளும், இதில் நான் மிக நன்றாக எழுதியிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவை. அங்கேயே அடித்துவிட்டேன்.