சத்தியபாமா மிஸ் போடாத கையெழுத்து

சத்தியபாமா மிஸ்ஸைப் பற்றி எழுதச் சொன்னால் கண்டியில் பலர் திட்டித்தான் எழுதுவார்கள். நானும் திட்டியிருக்கிறேன். பேராதனை வீதியில் இருந்த ஒரு மின்வேலைப் பயிற்சி நிலையத்தில் அவர் போதனாசிரியை. நான் அங்கே ஸ்டோர் கீப்பர், பெயர் சின்னமுத்து. குறடு, வயர், சுவிட்ச் எல்லாம் என் கையால் போய் என் கைக்கே திரும்பி வரவேண்டும். ஆகவே யார் கையால் வேலை செய்கிறவன், யார் வாயால் வேலை செய்கிறவன் என்பது எனக்கும் கொஞ்சம் தெரியும்.

மிஸ்ஸுக்கு ஊர் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி. உத்தியோகத்துக்காகக் கண்டிக்கு வந்தவர். எண்பத்துமூன்று கலவரத்தில் தங்கியிருந்த வீடு எரிந்தும் ஊருக்குத் திரும்பவில்லை. கண்டிக்குள்ளேயே கட்டுக்கலையில் வேறொரு அறை எடுத்துக்கொண்டு, நிலையம் மறுபடி திறந்ததும் வகுப்புக்கு வந்து நின்றார். சேலைக்கு மேலே காக்கி கோட்டு, கொண்டையில் செருகிய பென்சில். பொம்பிளை கரண்ட் படிப்பிக்கிறதா என்று சிரித்துக்கொண்டு வந்தவர்கள் முதல் வாரத்திலேயே சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

நிலையத்தில் ஒரு பதிவேடு இருந்தது. பரீட்சையில் தேறியவரின் பெயர் அதில் ஏறும். படம் ஒட்டிய அட்டை ஒன்றும் கிடைக்கும். அட்டையில் மிஸ்ஸின் கையெழுத்து இருந்தால் கடைக்காரரும் தோட்டத்துரையும் நம்பி வேலை கொடுப்பார்கள். யுத்தம் முற்றிய பிறகு அந்த அட்டைக்கு இன்னொரு பெறுமதி வந்தது. பையில் வயர் சுருளோடு போகும் தமிழனைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினால், அவன் ஏன் வயர் வைத்திருக்கிறான் என்பதற்கு அது ஒன்றுதான் பதில். பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்று சொல்கிற காலம் அது. எங்கள் ஆட்கள் அந்த அட்டைக்குத் தவம் கிடந்தார்கள்.

கறுப்பையாவும் அப்படித்தான் வந்தான். ஹுன்னஸ்கிரியப் பக்கம், எங்கள் தோட்டத்துக்காரன், நாற்பதை நெருங்கிய ஆள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்கு வயர் இழுப்பதும் மாரியம்மன் திருவிழாவுக்கு லைட் கட்டுவதும் அவன்தான். யாரிடமும் முறையாகப் படித்ததில்லை. ஆனால் கைவேகம் இருக்கிறதே, பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவன் அடித்த வயர் நூல் பிடித்தாற்போல நேராக இருக்கும்.

பரீட்சையில் இரண்டு லைட்டும் ஒரு பிளக் பொயின்டும் போடவேண்டும். எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். மிஸ் சுவிட்சைப் போட்டார். லைட் எரிந்தது. பிறகு மெயின் சுவிட்ச் பலகையின் மூடியைக் கழற்றி, பச்சை நிற எர்த் வயரை விரலால் இழுத்தார். அது எதிலும் பூட்டப்படாமல் சும்மா வெளியே வந்தது.

அதில் கறுப்பையாவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் லயங்களில் அதுதான் வழக்கம். தோண்டினால் பாறை, யார் நிலத்தில் எர்த் கம்பி அடித்துக்கொண்டிருப்பது? பச்சை வயரைப் பார்வைக்கு விட்டுவிட்டு மூடியை மூடிவிடுவோம்.

"லைட் எரியுதுங்களே மிஸ்" என்றான் கறுப்பையா.

"எர்த் இல்லாட்டியும் லைட் எரியும், கறுப்பையா. இஸ்திரிப்பெட்டியிலை கரண்ட் கசிஞ்சால் அது எந்த வழியாலை நிலத்துக்குப் போறது? பிடிச்சிருக்கிற மனுசியின்ர கையாலைதான்."

பெயில். நான் மத்தியானம் மிஸ்ஸின் அறைக்குப் போனேன்.

"மிஸ், அவன் புள்ளகுட்டிக்காரன். இந்த அட்டை இல்லாம ரோட்டுல நடக்க முடியல. ஒரு கையெழுத்துத்தானுங்களே."

"சின்னமுத்து அண்ணை, அவர் வயர் பண்ணுற வீட்டிலை இருக்கிறவையும் பிள்ளைகுட்டிக்காரர்தானே."

எனக்கு நல்ல கோபம். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு மலைநாட்டான் என்றால் இளக்காரம் என்று தேநீர்க் கடையில் எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. நான் சொன்னது இரண்டு கை மாறி, மிஸ் சாதி பார்க்கிறார் என்று எனக்கே திரும்பி வந்தது.

அதே மாதம் ஒரு பொலிஸ் சாஜன் யூனிபோமோடு வந்து மிஸ்ஸின் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். பெயர் திலகசிறி. அவருடைய தம்பியும் அதே பரீட்சையில் பெயில். முதலில் மெதுவாகக் கேட்டார், பிறகு அவ்வளவு மெதுவாகக் கேட்கவில்லை. மிஸ் அவருக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்து, அடுத்த பரீட்சைக்குத் தம்பியை அனுப்பும்படி சிங்களத்தில் சொன்னார். சாஜன் தேநீரைத் தொடாமல் எழுந்து போனார். ஸ்டோர் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று விளங்கியது. இந்த மனுசி யாழ்ப்பாணத்தான், மலைநாட்டான், சிங்களவன் என்று பார்ப்பதில்லை. எல்லாரையும் ஒரே மாதிரித்தான் பெயிலாக்குகிறார்.

ஒருநாள் துணிந்து கேட்டும் பார்த்தேன், வீட்டில் யாராவது கரண்ட் அடித்து இறந்துபோனார்களா என்று.

"இல்லை. ஒழுங்காச் செய்யச் சொல்லுறதுக்கு ஒரு செத்தவீடு வேணுமே?" என்றார்.

இரண்டாவது தடவை கறுப்பையா எர்த் வயரைப் பூட்டியிருந்தான். ஆனால் பிளாஸ்டிக் உறைக்குள்ளே செம்புக் கம்பி முறிந்திருந்தது, சோதித்துப் பார்க்கவில்லை. இழுத்துப் பார்த்தேன், கெட்டியாகத்தான் இருந்தது என்றான். இழுத்துப் பார்த்தால் போதாது, சோதிக்க வேணும் என்றார் மிஸ். மறுபடியும் பெயில்.

இந்த முறை அவன் யாரையும் திட்டாமல் மிஸ்ஸின் வகுப்பில் சேர்ந்தான். டோர்ச் பற்றரி இரண்டு, சின்ன பல்ப் ஒன்று, இரண்டு துண்டு வயர், எல்லாவற்றையும் கறுப்பு டேப்பால் இறுக்கிச் சுற்றித் தானே ஒரு டெஸ்டர் செய்தான். இரண்டு நுனியையும் ஒரு வயரின் இரு முனையில் வைத்தால், வயர் முறியாமல் இருந்தால் பல்ப் எரியும். அதைத் தூக்கிக்கொண்டு, தான் முன்பு வேலைசெய்த லயத்து வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போனான். அவன் மனைவி பாலம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மிஸ் சொன்னாங்கன்னு வீடு வீடா வெளக்கப் புடிச்சிக்கிட்டுத் திரியுறாரு அண்ணே" என்று என்னிடம் முறையிட்டாள்.

அப்போதுதான் கண்டித் தலதா மாளிகையில், சிங்களவர் கும்பிடும் புத்த கோயிலில், குண்டு வெடித்தது. தொண்ணூற்றெட்டு, தை மாதம். கண்டியில் தமிழர் யாரும் தேவையில்லாமல் வெளியே தலைகாட்டவில்லை. மூடியிருந்த நிலையம் கொஞ்ச நாளில் திறந்ததும், கறுப்பையா வகுப்புக்கு என்று பஸ் ஏறி வந்தான். நகருக்குள் நுழையும் இடத்தில் அவன் பையைக் கொட்டினார்கள். கறுப்பு டேப் சுற்றிய பற்றரி, அதிலிருந்து நீளும் வயர். உண்மையைச் சொன்னால், தெரியாமல் பார்த்திருந்தால் நானும் ஓடியிருப்பேன். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் பாலம்மா நிலையத்துக்கு வந்தாள். மிஸ்ஸின் காதில் விழும்படியே என்னிடம் சொன்னாள்.

"அந்த அட்டை இருந்திருந்தா அவரப் புடிச்சிருப்பாங்களா அண்ணே?"

மிஸ் காக்கிக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். குடையை எடுத்தார்.

"சின்னமுத்து அண்ணை, வாறியளே?"

எனக்குப் போக விருப்பமே இல்லை. அந்த மாதத்தில் பொலிஸுக்குத் தானாக நடந்துபோகிற தமிழனுக்குப் புத்தி சரியில்லை என்றுதான் அர்த்தம். ஆனாலும் பாலம்மாவின் முகத்துக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பொலிஸ் நிலையத்துக்குள் நுழைந்தோம். பொறுப்பதிகாரியின் பக்கத்து மேசையில் திலகசிறி சாஜன் உட்கார்ந்திருந்தார். மிஸ்ஸைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தொலைந்தோம் என்று நினைத்தேன். கம்பிக் கூட்டுக்குள்ளே கறுப்பையா குந்திக்கொண்டிருந்தான்.

பேச்செல்லாம் சிங்களத்தில்தான். இவன் யார் என்று அதிகாரி கேட்டார். தன்னிடம் படிக்கிறவன், இரண்டு முறை பரீட்சையில் தோற்றவன் என்றார் மிஸ். குண்டு செய்யத் தெரிந்தவனா என்று கேட்டார். எர்த் வயரையே ஒழுங்காகச் சோதிக்கத் தெரியாமல்தான் தோற்றான், அதைப் பழகத்தான் இதைச் செய்திருக்கிறான் என்றார். கூட்டுக்குள்ளே கறுப்பையா வெட்கத்தில் தலையைக் குனிந்தான். அந்த நிலையிலும் அவனுக்கு வெட்கம்.

மிஸ் அனுமதி கேட்டு டெஸ்டரைக் கையில் எடுத்தார். மேசையிலிருந்த சாவிக்கொத்தில் இரண்டு நுனியையும் வைத்தார். சின்ன பல்ப் எரிந்தது. எடுத்தார், அணைந்தது. இதற்குத் தெரிந்த வேலை இவ்வளவுதான் என்றார்.

அதிகாரி கேட்டார்: "நீங்களும் தமிழ், அவனும் தமிழ். அவனைக் காப்பாற்ற நீங்கள் எதையும் சொல்லலாமே?"

மிஸ் டெஸ்டரை மேசையில் திரும்ப வைத்தார்.   

சாஜன் தொண்டையைச் செருமினார். மிஸ்ஸைப் பார்க்காமல், அதிகாரியிடம் சொன்னார்.

"சேர், இந்த நோனா என்னுடைய தம்பியைப் பெயிலாக்கியவ. நான் இந்த யூனிபோமோடு போய்க் கேட்டேன். அப்போதும் கையெழுத்துப் போடவில்லை. எனக்கு இவவைக் கண்ணில் காட்டக் கூடாது. ஆனால் பொய்க்குக் கையெழுத்துப் போடுகிற மனுசி இல்லை."

அதிகாரி திரும்பி அவரைப் பார்த்தார், பிறகு மிஸ்ஸைப் பார்த்தார். ஒரு தாளை எடுத்து வாக்குமூலம் எழுதச் சொன்னார். மிஸ் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். கறுப்பையாவுக்காக அவர் போட்ட முதல் கையெழுத்து அதுதான். பின்னேரம் அவனை விட்டார்கள். டெஸ்டரையும் கொடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் பாலம்மா மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பவாவது அந்த அட்டையக் குடுத்துருங்க மிஸ்."

கொடுத்துவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"சித்திரை வருசம் கழிஞ்சு பரீட்சை இருக்கு. வரட்டும்" என்றார் மிஸ்.

பாலம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "சும்மா இரு புள்ள" என்றான் கறுப்பையா. "நான் வர்றேன் மிஸ்."

சித்திரையில் வந்தான். எல்லாருக்கும் கடைசியாக முடித்தான். அவனுடைய டெஸ்டரையே வாங்கித்தான் மிஸ் சோதித்தார். பல்ப் எரிந்தது. கொண்டையிலிருந்த பென்சிலை விட்டுவிட்டு, மேசை லாச்சியிலிருந்து பேனையை எடுத்தார்.

சாஜனின் தம்பி திரும்பப் பரீட்சைக்கு வரவில்லை, பஸ் ஓட்டப் போய்விட்டானாம். ஆனால் சாஜன் ஒருநாள் வந்தார், யூனிபோம் இல்லாமல். மிஸ்ஸின் அறைப்பக்கம் போகாமல் நேரே என் ஸ்டோருக்கு வந்தார். வத்தேகமவில் வீடு கட்டுகிறாராம், வயரிங்குக்கு ஆள் வேண்டுமாம். பதிவேட்டில் உள்ள சிங்களப் பெயர்கள் நாலைந்து சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"அன்றைக்கு இரண்டு தரம் தோற்றவன் என்று நோனா சொன்னாவே, அவன் இப்போது தேறிவிட்டானா?"

"தேறிவிட்டான் சாஜன்."

"நோனாதான் கையெழுத்துப் போட்டாவா?"

"அவதான்."

"அப்படியென்றால் அவனையே அனுப்பு" என்றார்.

கறுப்பையா அடுத்த வாரமே வத்தேகமவுக்குப் போனான். லைட்டுக்கு, ஃபேனுக்கு என்று எதையும் தொடுவதற்கு முன்னால், அந்த வீட்டின் பின்பக்கத்துப் பாறையை ஒருநாள் முழுக்கக் கொத்தி எர்த் கம்பியை அடித்தானாம்.