திகதியையும் பார்த்தெழுதியவர்

கனடாவில், பிறம்ரன் நகரத்தில் அந்த வீட்டின் ஆகப் பெரிய அறை ஒரு புத்தகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கம்பளம், விதானம், கட்டில், தலையணை எல்லாம் அதற்கு உண்டு. குளிர்காலத்துக்குத் தடித்த போர்வையும் உண்டு. எனக்கு என் வீட்டில் அலுமாரியின் ஒரு தட்டுத்தான் சொந்தம். வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புத்தகம் என்று சொன்னது பிழை. அவர்களுக்கு அது குரு. பத்துக் குருமாருக்குப் பிறகு சீக்கியர்களுக்குக் குருவாக இருப்பது அவர்களுடைய புனித நூல்தான். காலையில் அதை எழுப்பி விரிப்பார்கள், மாலையில் மூடிப் படுக்கவைப்பார்கள். இந்த வீட்டில் இருந்தது கையால் எழுதிய பழைய பிரதி.

நான் ரொறன்ரோவில் ஒரு நூலகத்தில் பழைய தாள்களைச் செப்பனிடுகிறவள். இந்த வேலையைக் கொண்டுவந்தவர் என் கணவர். அவரோடு வெயார்ஹவுஸில் வேலை செய்கிற ஒரு சீக்கியர், வீட்டிலுள்ள பிரதியின் வயதை அறிய வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

"நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்," என்றார் கணவர்.

"என்னைக் கேட்டனீங்களே?"

"இப்ப கேக்கிறன்தானே. நேற்று ஆட்டிறைச்சி சாப்பிட்டதை அங்க போய்ச் சொல்லிப்போடாதையும்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனாலும் தலைக்குக் குளித்து, துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு போனேன்.

அங்கே போன பிறகுதான் தெரிந்தது, கணவரோடு வேலை செய்கிற அந்த மகனுக்கும் அவருடைய தகப்பனுக்கும் இடையில் ஒரு வழக்கு நடக்கிறது என்று. அந்தப் பிரதியின் பக்கங்களைச் சுற்றிப் பச்சை மையால் கோடு கிழித்திருந்தார்கள். அந்தப் பச்சையில் செம்பு இருக்கும். அது தாளைத் தின்னும். கோடு போன வழியே தாள் அறுந்து, எழுத்துள்ள பகுதி சட்டத்திலிருந்து கண்ணாடி கழன்ற மாதிரி தனியே கழன்று விழுந்துகொண்டிருந்தது. வாசிக்க முடியாமல் நைந்துபோன பிரதிக்கு, இறந்த மனிதருக்குச் செய்வது போல, போர்வை போர்த்தித் தலையில் சுமந்துபோய்ப் பிரார்த்தனையோடு தகனம் செய்வது அவர்கள் வழமை. தகப்பன் அதைத்தான் கேட்டார். ஏனைய நைந்த பிரதிகளோடு சேர்த்து அனுப்பிவிட வேண்டும் என்றார்.

மகன் விடவில்லை. முன்னூறு வருடத்துக்கு மேற்பட்டதை யாராவது எரிப்பார்களா, மியூசியத்துக்குக் கொடுப்போம் என்றார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் யார் வாசிப்பது, மாலையில் யார் போர்த்துவது என்று தகப்பன் கேட்டார். கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். உண்மையிலேயே அவ்வளவு பழசென்றால் மியூசியம். இல்லையென்றால் நெருப்பு. தீர்ப்பு நான் சொல்ல வேண்டும்.

தீர்ப்புச் சொல்லப் பிடித்த ஆளைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் நூலகம் எரிந்தபோது நான் சின்னப்பிள்ளை. கருகிய தாள்கள் எங்கள் கிணற்றடி வரை பறந்து வந்து விழுந்தன. எரிக்கிறது என்ற சொல்லைக் கேட்டவுடனேயே நான் மனதுக்குள் மகனின் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

மகனிடம் இரண்டு சாட்சிகள் இருந்தன. முன்பக்கத்தில் எழுதி முடித்த திகதி இருந்தது. அது ஒன்பதாவது குருவின் காலத்துக்கு முந்தியது. பிற்காலத்தில்தான் நூலில் சேர்ந்த ஒன்பதாவது குருவின் பாடல்களும் உள்ளே இல்லை. இரண்டும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தின. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தோடு எழும்பி வந்திருக்கலாம். வேலைப்பழக்கம் விடவில்லை.

கழன்றிருந்த ஒரு தாளுக்குக் கீழே மெல்லிய விளக்குத் தட்டை வைத்தேன். எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு கிரீடமும் சில ஆங்கில எழுத்துகளும் தெரிந்தன. ஆலையில் தாளுக்குள்ளேயே பதிக்கிற நீர்க்குறி அது; சீமையிலிருந்து வந்த தாள். அந்தத் தாள் அங்கே வந்து சேர, அந்தத் திகதிக்குப் பிறகு இன்னும் நெடுங்காலம் போக வேண்டும். ஒரு தாள் பின்னால் சேர்த்ததாக இருக்கலாமே என்று முன்னாலும் நடுவிலும் கடைசியிலும் பார்த்தேன். எல்லாம் அதே கிரீடம், அதே கை.

நடந்தது விளங்கியது. எழுதியவர் முன்னால் ஒரு மிகப் பழைய பிரதி இருந்திருக்கிறது. அதிலிருந்ததை எல்லாம் பார்த்தெழுதினார். அதில் இல்லாததை எழுதவில்லை. அதில் திகதி இருந்தது, அதையும் எழுதினார். ஓர் எழுத்தை மாற்றுவதே பாவம் என்று நினைக்கிற மனிதருக்குத் திகதியை மட்டும் மாற்ற யார் அதிகாரம் கொடுத்தது?

கிரீடத்தை நான் மட்டும்தான் பார்த்திருந்தேன். தகப்பன் சுவரோடு சாய்ந்து கண்மூடி இருந்தார். மகன் போனில் யாருக்கோ லொறிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டால் இது தப்பும். அப்படியே மூடிக்கொண்டு இருந்தேன், அவர் போனை வைக்கும் வரைக்கும். பிறகு, அந்த மனுஷன் திகதியைக்கூட மாற்றவில்லையே, நான் மாற்றுவதா என்று எரிச்சல் வந்தது. சொல்லிவிட்டேன்.

"அப்படியென்றால் அவர் பொய் எழுதினாரா?" என்றார் மகன்.

"இல்லை. பார்த்தெழுதினார்."

மகன் அதைத் தகப்பனுக்குப் பஞ்சாபியில் சொன்னார். தகப்பன் நெற்றி நிலத்தில் பட வணங்கி எழுந்தார். "நல்ல மனிதர். தன்னுடையது என்று ஒன்றையும் சேர்க்கவில்லை," என்றார். அவருக்கு நிம்மதி. எனக்கு அது பொறுக்கவில்லை.

"நூறு வருடத்துக்கு மேல் இருக்கும். எரிக்கத்தான் வேண்டுமா? எங்கள் ஊரில் ஒரு நூலகமே எரிந்தது," என்றேன். குரல் கூடிவிட்டது. மகன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார்.

தகப்பன் என்னைப் பார்த்துக் கேட்டார், "யார் தலையில் சுமந்து போனார்கள்?"

"ஒருவரும் சுமக்கவில்லை. இருந்த இடத்திலேயே எரிந்தது."

"பிரார்த்தனை?"

"இல்லை."

"போர்வை?"

"இல்லை."

அவர் எழுந்து போய் அலுமாரியைத் திறந்தார். உள்ளே பட்டுப் போர்வைகள் மடித்து அடுக்கியிருந்தன. பிரதியின் மேல் ஏற்கெனவே ஒன்று கிடந்தது. மகனிடம் ஏதோ சொன்னார்.

"இன்னொன்று போர்த்தப்போகிறாராம். அது உங்கள் ஊர்ப் புத்தகங்களுக்காம். என்ன நிறம் வேண்டும் என்று கேட்கிறார்," என்றார் மகன்.

நான் அழுதுவிட்டேன். நீலம் என்றேன்.

நீலம் இருக்கவில்லை. மஞ்சளை எடுத்து விரித்து, ஒரு பக்கத்தை என் கையில் தந்தார். இரண்டு பேருமாகப் போர்த்தினோம்.