எழுநூறு ரூபாய்ப் புடவை

ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள எந்தப் புடவையையும் அம்மா கட்டியதில்லை. அது நேராக பீரோவுக்குள் போய், அந்துருண்டை வாசத்தோடு ஏதோ ஒரு நல்ல நாளுக்காகக் காத்திருக்கும். அந்த நல்ல நாள் எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸ் பக்கம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

இது தெரிந்துதான் அப்பா ஒரு திட்டம் போட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஃபேக்டரியில் நாலு மாதம் ஓவர்டைம் பார்த்த பணத்தில், ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்குள் என்னையும் இழுத்துக்கொண்டு போய், மயில்கழுத்து நிறத்தில் ஒரு சாஃப்ட் சில்க் வாங்கினார். மூவாயிரத்து இருநூறு. கடை வாசலிலேயே விலைச்சீட்டைப் பிய்த்தார், பில்லையும் கிழித்துப் போட்டார். வீட்டில் எழுநூறு என்றுதான் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பாடம் நடந்தது. வாயை மூடிக்கொள்ளக் கூலி, ஒரு கோன் ஐஸ்.

அம்மா நம்பிவிட்டாள். எழுநூறுக்கு இவ்வளவு மெத்தென்றா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பழைய பச்சை ஜாக்கெட்டே பொருந்தும், வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கட்டுகிறேன் என்றாள். அப்பாவுக்குப் பத்து வயது குறைந்துபோனது.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு அத்தை வந்து கண்ணைக் கசக்கினார். மறுநாள் அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், உடுத்த உருப்படியாக ஒன்றுமில்லை. அம்மா பீரோ பக்கம் போகவே இல்லை. நாற்காலிமேல் மடித்து வைத்திருந்த அந்தப் புடவையை எடுத்து, திருப்பித் தர வேண்டாம் என்று கொடுத்துவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. தின்ற ஐஸுக்கு அவ்வளவு விசுவாசம்.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள்.

"ஒரு தடவையாச்சும் கட்டிப் பாத்தியா?"

"எழுநூறு ரூபாதானே. அடுத்த ஆடிக்கு இன்னொண்ணு வாங்கிக்கிட்டாப் போச்சு."

அடுத்த ஆடிக்கு அம்மா இல்லை. பங்குனியில் வந்த காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. பீரோவில் இருந்ததிலேயே விலை கூடிய புடவையை, மடிப்புக்கூடக் கலையாததை, அன்றைக்குத்தான் அவளுக்குப் போர்த்தினார்கள். அந்தப் பீரோமேல் எனக்கு இன்னமும் கோபம் இருக்கிறது.

ஆனாலும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது அந்தச் சாப்பாட்டு வேளைதான். அம்மா அப்படிச் சொன்னதும் அப்பா குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பொய் பிடிபடாமல் தப்பித்தோம் என்ற பெருமையில் நான் அவரைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவர் திருப்பிக் கண்ணடிக்கவில்லை. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. ரசத்தில் காரம் அதிகம் போலிருக்கிறது என்று, தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.