உனா நின்ற பக்கம்

உனா டால்க்ளீஷ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். வியாழக்கிழமை மாலைகளில் மட்டும் ஆண்.

ஸ்காட்லாந்து நடனத்தில் ஆண்கள் வரிசையும் பெண்கள் வரிசையும் எதிரெதிரே நிற்க வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர்கள் கடல் தாண்டி வந்து குடியேறிய எங்கள் சவுத்லாந்தில் ஆட்டுப் பண்ணையும் ரக்பியும் போக ஆண்களுக்குப் பொழுது மிஞ்சுவதில்லை. அதனால் வியாழக்கிழமைதோறும் ஆடக் கூடுகிற கலிடோனியன் சங்கத்தின் உயரமான பெண்கள் கட்டம்போட்ட பட்டை ஒன்றைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு ஆண்கள் பக்கம் போய்விடுவார்கள். கழற்றும்வரை ஆண்தான். உனா இருபது வயதில் மாட்டினாள். இப்போது தலை நரைத்துவிட்டது.

அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு. எதிரே வந்து நிற்கிற எந்தப் பெண்ணும் ஆட்டம் தொடங்கியதும் லேசாகச் சிரிக்கிறாள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அப்படி என்ன தெரிகிறது?

இந்தக் குளிர்காலத்தில் ஊருக்குக் குடிவந்த கால்நடை வைத்தியர் ஹெக்டர் ரின்டூல் சங்கத்தில் சேர்ந்தார். நேராக உனாவிடம் வந்தார்.

"என்கூட ஆடறீங்களா?"

"நானும் ஆம்பளைதான் டாக்டர். பட்டை தெரியலையா?"

"கழட்டினாப் போச்சு."

கழற்றினாள். வரிசையை விட்டு வெளியே திரும்பி, வரிசைக்குப் பின்னால் நடந்து போகிற இடம் வந்தது. பெண்கள் வலப்புறம் திரும்ப வேண்டும். உனாவின் கால் பழக்கத்தில் இடப்புறம் திரும்பியது. அடுத்து நின்ற சங்கத் தலைவி மேவிஸ் டல்லக் மேல் மோதினாள்.

"மிஸ்டர் டால்க்ளீஷ்! எனக்கு இருக்கறதே கொஞ்சம் பல்லு!"

எல்லாரும் சிரித்தார்கள். மேவிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"சனிக்கிழமை பக்கத்து ஊர்ச் சங்கம் வருது உனா. பேசாம பட்டையைப் போட்டுக்கோ."

"முதல் ஆட்டம் மட்டும் பொம்பளைங்க பக்கம் நிக்கறேன்டீ."

"வரிசை கலைஞ்சு போச்சுன்னா?"

"அப்புறம் ஜென்மத்துக்கும் கேக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை, காலிப் பேருந்தை வேலியோரம் நிறுத்திவிட்டு, வலப்புறம் திரும்பித் திரும்பிப் பழகினாள். ஆடுகள் மேய்வதை நிறுத்திப் பார்த்தன.

சனிக்கிழமை உனா பட்டையில்லாமல் ஹெக்டருக்கு எதிரே நின்றாள். அக்கார்டியன் தொடங்கியது. திரும்புகிற இடம் வந்தது. இடப்புறம்தான் தோள் சாய்ந்தது. மேவிஸின் முழங்கை விலாவில் இறங்கியது. உனா வலப்புறம் திரும்பினாள். வரிசை கலையவில்லை.

தன் இடத்துக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள். எதிரே ஹெக்டரின் உதடுகள் சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. முகம் மட்டும் தேவாலயத்தில் நிற்பதுபோல. உனாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

தேநீர் மேசையில் மேவிஸைப் பிடித்தாள்.

"நானும் டாக்டர் மாதிரிதான் எண்ணறேனா?"

"எட்டு வரைக்கும். எட்டுல வாய் நல்லாப் பொளக்கும்."

"இத்தனை வருஷமா ஒருத்தியும் சொல்லலையேடீ!"

"சொன்னா வாயை மூடிக்குவே. உன் வாயைப் பாத்துத்தான் நாங்க அத்தனை பேரும் காலை வைக்கறோம். நீ இந்தப் பக்கம் வந்துட்டா நாங்க எதைப் பாக்கறது?"

அடுத்த ஆட்டத்துக்கு அழைத்தார்கள். உனா நாற்காலியில் கிடந்த பட்டையை எடுத்தாள். மேவிஸுக்கு மூச்சு வந்தது.

உனா அதை மேவிஸின் தோளில் மாட்டிவிட்டாள்.

"நீ போய் நில்லு. உன் வாய் எப்படி இருக்குன்னு பாக்கறேன்."