பூம்புகாரில் நான் தள்ளிய கதவு

பூம்புகாரை ஒட்டிய மீனவக் கிராமத்தில் நிற்கிறேன். இங்கே புதிய புயல் பாதுகாப்பு மையம் வரப்போகிறது. என்னென்ன ஆபத்து நேரலாம் என்று கணிக்க வந்திருக்கும் நிபுணர் அடியேன். பழைய மையத்தின் வரைபடமே போதும் என்று எழுதிக்கொண்டிருக்கும்போது கடற்கரையில் டமார் என்று சத்தம் கேட்கிறது. கடல் பொங்கிவிட்டது என்று நானே முடிவுகட்டி, செருப்பை உதறிவிட்டுப் பழைய மையத்தின் படியேறி ஓடுகிறேன். மாடிக் கதவைத் தள்ளுகிறேன், அசையவில்லை. தோளால் இடிக்கிறேன். தொப்பையும் தன் பங்குக்கு இடிக்கிறது.

"சார், இழுங்க," என்கிறார் கீழே கருவாடு காயவைக்கும் அக்கா. "அது வேட்டு. சிங்கப்பூர்லேர்ந்து என் தம்பி வாங்கிக் குடுத்த படகை இன்னிக்கு இறக்குறோம்."

"தெரியும்க்கா. கதவைச் சோதிச்சேன்."

"செருப்பை வீசிட்டா சோதிப்பாங்க?"

உள்ளே இருப்பவர்கள் தப்பி ஓட வசதியாகக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்பது நாங்கள் படித்த விதி. புயலிலோ ஊரே உள்ளே வரத்தான் முண்டியடிக்கும். பின்னால் கூட்டம் நெருக்கினால் இழுத்துத் திறக்க இடமேது? முன்னால் நிற்பவர் நசுங்க வேண்டியதுதான். வரைபடத்தில் கதவை உள்பக்கம் திறக்கும்படி மாற்றுகிறேன். காரணம் கேட்கும் இடத்தில் 'கள ஆய்வு' என்று கௌரவமாக எழுதிவைக்கிறேன்.