காளியாயியின் முதுகுப் புண்

இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள் காளியாயி. வலது தோளுக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. கூடை இடித்து இடித்து வலி பொறுக்க முடியாமல் போகவே, 1936 ஆடி மழையில் தோட்டத்து மருந்தையா சுப்பிரமணியம் அதை அறுத்தெடுத்தார். மரத்துப்போக வைக்கும் மருந்து தீர்ந்திருந்தது. கணவன் கந்தப்பன் இரண்டு கைகளையும் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவள் துண்டைக் கடித்தாள். ஐந்தாவது தையலில் துண்டு கிழிந்தது.

"பத்து நாளைக்குக் கூடை தூக்கக் கூடாது," என்று சீட்டு எழுதிக் கொடுத்தார் மருந்தையா. "ரெண்டு நாளைக்குக் கட்டப் பிரிக்காத. அப்புறம் உப்புப் போட்டுக் கொதிக்க வச்ச தண்ணி, நல்லா ஆறட்டும், அதுல கழுவணும். துணியையும் கொதிக்க வைக்கணும். கந்தப்பா, சோப்புப் போட்டுக் கையக் கழுவாமத் தொட்டுறாத."

புண் இருந்த இடம் காளியாயிக்கு எட்டாது. மூன்றாம் நாள் கந்தப்பன்தான் கட்டைப் பிரித்தான். லயத்து வரிசை அறைகளில் அடுத்த காம்பராவிலிருந்து பூரணி புகையிலைச் சாம்பலோடு வந்து நின்றாள்.

"இத அப்புனா ஒரே நாள்ல காஞ்சிரும்."

"வேணாங்க்கா. ஐயா சொன்னது மட்டும் போதும்," என்றாள் காளியாயி.

தையல் ஓரம் இளஞ்சிவப்பாக இருந்தது. சீழ் இல்லை, வாடை இல்லை.

நாலாம் நாள் காலை கந்தப்பன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டான். புண் கழுவுவதற்கு இரும்புச் சட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது கங்காணி மூக்கன் கம்போடு உள்ளே நுழைந்தான்.

"கொழுந்து முத்திப்போய் நிக்குது. நீ இங்க படுத்துக் கெடக்கியாடி?"

"மருந்தையா சீட்டுக் குடுத்திருக்காருங்க."

சீட்டைப் பிடுங்கி அடுப்பில் போட்டான். முதல் அடி தையலின் மேலேயே விழுந்தது. சதை பிளந்து ரவிக்கைக்குள் சூடாக ஒழுகுவதை அவள் உணர்ந்தாள். இரண்டாவது அடியும் அங்கேதான். பிறகு கூந்தலைக் கையில் சுற்றி வாசலை நோக்கி இழுத்தான். அடுப்பைக் கடந்தபோது அவள் சட்டியை எட்டிப் பிடித்தாள். உள்ளங்கை பொசுங்கியது, விடவில்லை. கொதிநீரை அப்படியே அவன் தொடைமேல் கொட்டினாள்.

அவன் போட்ட அலறல் லயத்தின் கடைசிக் காம்பராவரை கேட்டது. வேட்டியை உரித்தபோது தோலும் கூடவே வந்தது. அப்படியும் கம்பைத் தேடி நீண்டது அவன் கை. வெறும் சட்டியால் அவன் வாயில் ஓங்கி அறைந்தாள். பல் இரண்டு தரையில் விழுந்தன.

பூரணி ஓடிவந்து சுத்தமான துணியை மடித்துப் புண்ணின்மேல் வைத்து, மூச்சு முட்ட அழுத்தினாள். நாலுபேர் சேர்ந்து மூக்கனை வெளியே தூக்கிப் போனார்கள்.

சேதி கேட்டு ஓடிவந்த கந்தப்பன் கூரையில் செருகியிருந்த, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை உருவினான். "இன்னைக்கு அவன் தலையக் கொண்டாறேன்!"

"அவன விடுங்க," என்றாள் காளியாயி. "கையக் கழுவிட்டு வந்து என் முதுகப் பாருங்க."

 அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் மொண்டான்.

மருந்தையா வந்து பார்த்தார். "இனித் தைக்க முடியாது. அடியிலேருந்து சதை தானா வளரணும். தெனமும் கழுவிக் கட்டணும்," என்றார். சீட்டு எழுதியது தான்தான் என்று துரையிடம் போய்ச் சொன்னார். துரை கேட்கவில்லை. அன்று மாலைக்குள் தோட்டத்தை விட்டுப் போகச்சொல்லி, இருவர் பேரையும் வெட்டிப் பற்றுச்சீட்டு வந்தது.

மழையில் தலவாக்கலைப் பக்கம் நடந்தார்கள். வழியில் இரண்டு இடத்தில் கல்கூட்டி நெருப்பு மூட்டி, தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, கந்தப்பன் புண்ணைக் கழுவினான். ஒவ்வொரு முறையும் அவள் பல்லைக் கடித்தாள், அவன்தான் அழுதான்.

அங்கே வேறொரு தோட்டத்தில் அவனுக்குக் கவ்வாத்து வேலை கிடைத்தது. புண் ஆறும்வரை அவள் காம்பராவிலேயே இருந்தாள். ஐப்பசியில் புண் மூடியது. வலது கை தோளுக்கு மேல் எழும்பவே இல்லை. மார்கழியில் கூடையை இடப்பக்கம் சாய்த்து மாட்டிக்கொண்டு மலையேறினாள்.