யாரைக் கேட்டுப் புதுசு போட்டீங்க?

போன வருஷம், அப்பா இறந்து இரண்டு மாதம் இருக்கும்போது நடந்தது இது. பினாங்கில், டத்தோ கிராமாட்டில் இருக்கிறோம். வீட்டிலேயே தோசை மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. அப்பா இருந்தவரை அவர்தான் காரில் கொண்டு போய்ப் போடுவார். அதன் பிறகு நான். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள், எனக்கு வேறு வேலையும் தெரியாது.

ஒரு நாள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் முன் டயர் பக்கம் டக்டக் என்று சத்தம். அப்பா எப்போதும் போகும் வொர்க்‌ஷாப்பிலேயே காரை விட்டேன். அங்கே போமென் அண்ணன், அதாவது மெக்கானிக், அப்பாவுக்குப் பல வருஷப் பழக்கம். சாவுக்கும் வந்திருந்தார். “சத்தம் நின்னா போதும்ண்ணே” என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். எவ்வளவு ஆகும் என்று கேட்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் போனால் தொள்ளாயிரம் வெள்ளி என்றார். அரிசி உளுந்துக்கு ஒதுக்கியதைத் தொட்டாலும் அவ்வளவு தேறாது. கார் அங்கேயே நின்றுவிட்டால் மாவும் வீட்டிலேயே புளித்துப் போகும்.

“அப்பாகிட்ட ஒரு தடவகூட இவ்ளோ வாங்குனதில்லையே! அவரு செத்துட்டாரு, இவளுக்கு என்னா தெரியும்னு நெனச்சிட்டீங்களா?”

கத்திவிட்டேன். தன் காடிக்காக, அதாவது காருக்காக, காத்திருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே, “தொள்ளாயிரமா? இன்னும் கொஞ்சம் போட்டா வேற காடியே வாங்கிடலாம் லா!” என்று எடுத்துக் கொடுத்தார்.

போமென் அண்ணன் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “டிரைவ் ஷாஃப்ட் போச்சு தங்கச்சி. ஒங்கப்பா சாமான அவரே ஹாஃப் கட் கடையில தேடி வாங்கிட்டு வருவாரு. எனக்குக் கூலி மட்டுந்தான். நீ சாவிய மட்டும் குடுத்துட்டுப் போயிட்ட. நான் புதுசு வாங்கி மாட்டிட்டேன்.”

வெளிநாட்டிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய கார்களின் சாமான் விற்கும் கடைதான் ஹாஃப் கட் கடை. அப்பா அங்கே போய் வந்ததே எனக்குத் தெரியாது. ஆனாலும் விடவில்லை.

“யாரைக் கேட்டுப் புதுசு போட்டீங்க? ஒரு போன் அடிக்க முடியாதா?”

“அடிச்சேன்.”

“எனக்கு ஒன்னும் வரலையே.”

துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். “ஒங்கப்பா நம்பருக்கு அடிச்சேன். ரெண்டு வாட்டி. என்னா மனுசன் இவரு, காடிய விட்டுட்டு போன மூடி வச்சிருக்காருன்னு திட்டவும் செஞ்சேன். அப்புறந்தான் ஞாபகம் வந்திச்சு. ஒன் நம்பர் எங்கிட்ட இல்ல. நாளைக்கு மாவு போடணுமேன்னு புதுச மாட்டிட்டேன். கேக்காம போட்டது தப்புதான்.”

அப்பாவின் போன் எங்கள் வீட்டு அலமாரியில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. அதைப் பார்க்கக்கூடாது என்று நான்தான் உள்ளே வைத்திருந்தேன். அதற்கு மேல் எனக்குச் சண்டை போட வரவில்லை. அங்கேயே, டயர்களுக்கு நடுவில் நின்று அழுதேன். சாவு வீட்டில்கூட அப்படி அழவில்லை. சிரித்த ஆள் எழுந்து வெளியே போய்விட்டார்.

“நாளைக்கு இந்தக் காடியிலயே மாவு போட்டுட்டு, பழைய ஷாஃப்ட் வாங்கிட்டு வா. புதுசக் கழட்டி வேற காடிக்குப் போட்டுக்கிறேன்” என்றார் அண்ணன். மறுநாள் மாவு போட்டுவிட்டு, அவர் சொன்ன ஹாஃப் கட் கடைக்கு நானே போய்ப் பழைய ஷாஃப்ட் வாங்கி வந்தேன். கடைக்காரர் முதலில் சொன்ன விலையைக் குறைத்தும் பேசினேன். அண்ணன் புதுசைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார். கழற்றியதற்குக் கூலி வாங்கவில்லை, மாட்டியதற்கு வாங்கிக்கொண்டார். அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

இப்போதெல்லாம் விலையைக் கேட்காமல், நம்பரைக் கொடுக்காமல் யாரிடமும் சாவியைக் கொடுப்பதில்லை. ஆனால் என் மனதில் நிற்பது அது இல்லை. அப்பா இல்லை என்பதை அடிக்கடி மறந்துபோவது நான் மட்டும்தான், எனக்குத்தான் ஏதோ கோளாறு என்று பயந்துகொண்டிருந்தேன். இந்த ஊரில் இன்னொருவரும் மறந்துபோய் அவரைக் கூப்பிட்டிருக்கிறார், எடுக்கவில்லை என்று திட்டியிருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.